அத்தியாயம் 6: ரைபிளும் ரிவால்வரும் ஜோடி சேர்ப்பது எப்படி?

தமிழில் கௌபாய் கதை எழுத உட்காருகிறவருக்கும், அதைச் சித்திரக்கதையாக வரைகிறவருக்கும் ஒரு வசதி உண்டு. வாசகர் ஏற்கெனவே தயாராக இருக்கிறார். லயன், முத்து காமிக்ஸில் டெக்ஸ் வில்லரோடும் கேப்டன் டைகரோடும் வளர்ந்தவருக்கு வன்மேற்கின் புழுதி அந்நியமில்லை. ஜெய்சங்கர் தொப்பியும் குதிரையுமாக வந்த கர்ணனின் படங்களைப் பார்த்தவர்களும் அப்படித்தான். ஆனால் அந்த வாசகர்தான் பிழையையும் முதலில் கண்டுபிடிப்பார். 1874-ல் நடக்கும் கதையில் 1892-ல் வந்த ரைபிள் தலைகாட்டினால் அவருக்கு உடனே உறுத்தும்.

நாயகனுக்கு ஒரு ரைபிளும் இடுப்பில் ஒரு ரிவால்வரும் கொடுப்பது நம் கதைகளில் வழக்கம். பெரும்பாலோர் பெயர் நன்றாக ஒலிக்கும் இரண்டைப் பொறுக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அது கையில் கிடைத்த வாய்ப்பை வீணாக்குவது. சரியாகத் தேர்ந்த ஒரு ஜோடி அந்த ஆளின் தொழில், வருமானம், எந்த ஊரை ஒட்டி வாழ்கிறான், தோட்டா தீர்ந்தால் யாரிடம் போய் நிற்பான் என்பதையெல்லாம் ஒரு வர்ணனையும் இல்லாமல் சொல்லிவிடும். அதனால் இந்த அத்தியாயத்தின் விதி ஒன்றே ஒன்று: துப்பாக்கியிலிருந்து தொடங்காதீர்கள், தோட்டாவிலிருந்து தொடங்குங்கள்.

மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே, 1860 முதல் 1900 வரையிலான காலத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

படி 1: ஆண்டைக் குறியுங்கள்

கதை நடக்கும் ஆண்டைத் தாளின் மேல் எழுதிவிடுங்கள். "உள்நாட்டுப் போருக்குப் பிறகு எப்போதோ" என்று விட்டால் மற்றதெல்லாம் வழுக்கும். இந்த 40 ஆண்டுகளைத் துப்பாக்கிக் கணக்கில் நான்கு கட்டங்களாகப் பிரிக்கலாம்.

1860 முதல் 1871 வரை: ரிவால்வர் என்றால் கோல்ட் 1851 நேவி (.36), கோல்ட் 1860 ஆர்மி (.44) போன்றவை. இவற்றுக்கு முழுத் தோட்டா கிடையாது. சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் கருமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை அழுத்தி, பின்னால் சிறு செப்புக் கேப்பைப் பொருத்த வேண்டும். ஆனால் அதே காலத்து ஹென்றி ரைபிளோ (1860) உலோகத் தோட்டாவில் இயங்கியது. குழலுக்கு அடியிலுள்ள குழாயில் 16 தோட்டாக்கள் பிடிக்கும். ஆக, இரண்டையும் வைத்திருந்தவன் இரண்டு வேறு உலகங்களைச் சுமந்தான்.

1872 முதல் 1877 வரை: மாறுகாலம். சிலிண்டரின் பின்புறம் வரை துளையிட்டு உலோகத் தோட்டா போடும் முறைக்கு ரோலின் ஒயிட் என்பவர் காப்புரிமை பெற்றிருந்தார். அது ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் கையில் இருந்தது; 1869-ல் காலாவதியானது. அதன் பிறகே கோல்ட் உள்ளிட்ட மற்றவர்களுக்குக் கதவு திறந்தது. 1873-ல் இரண்டு பெயர்பெற்ற ஆயுதங்கள் பிறந்தன: கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர், வின்செஸ்டர் 1873 ரைபிள். ஒரே ஆண்டில் வந்தாலும் இவை ஜோடியாகப் பிறக்கவில்லை. ஏன் என்பதை அடுத்த படியில் பார்ப்போம்.

1878 முதல் 1891 வரை: ரைபிளும் ரிவால்வரும் ஒரே தோட்டாவில் இயங்கிய செழிப்பான காலம்.

1892 முதல் 1900 வரை: ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1892, 1894 மாடல்கள் வருகின்றன. 1895-ல் புகையில்லா வெடிமருந்தோடு .30-30 தோட்டா வருகிறது. மேற்கு மெல்ல அடங்குகிறது.

படி 2: தோட்டாவைத் தேர்ந்தெடுங்கள்

வின்செஸ்டர் 1873 ரைபிளோடு சேர்ந்து வந்த தோட்டாவின் பெயர் .44-40. முதல் எண் விட்டத்தை அங்குலத்தில் சொல்கிறது. இரண்டாவது எண் அதில் அடைத்த கருமருந்து: 40 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 2.6 கிராம். குண்டின் எடை 200 கிரெய்ன், சுமார் 13 கிராம்.

அதே 1873-ல் ராணுவத்துக்காக வந்த கோல்ட் ரிவால்வரோ .45 கோல்ட் என்ற வேறொரு தோட்டாவில் இயங்கியது. இரண்டும் ஒன்றில் ஒன்று பொருந்தாது. 1873-லிருந்து சில ஆண்டுகள் வரை இந்த இரண்டையும் வைத்திருந்தவன் இடுப்புப் பட்டையில் இருவகைத் தோட்டாக்களைத்தான் செருகியிருப்பான். 1878-ஐ ஒட்டித்தான் கோல்ட் தன் ரிவால்வரை .44-40 தோட்டாவுக்கும் செய்து விற்கத் தொடங்கியது. "கோல்ட் ஃப்ரன்டியர் சிக்ஸ்-ஷூட்டர்" என்று குழலின் இடப்பக்கம் பொறித்திருந்தார்கள். டார்ச்சுக்கும் ரேடியோவுக்கும் ஒரே அளவு பாட்டரி போட முடிந்தால் வீட்டில் என்ன நிம்மதியோ, அதே நிம்மதி அன்றைக்கு எல்லைப்புறத்தில் வாழ்ந்தவனுக்கு இதனால் கிடைத்தது.

பின்னாளில் .38-40, .32-20 என்ற இரு தோட்டாக்களும் வின்செஸ்டர் 1873-க்கு வந்தன. 1880-களின் நடுவில் கோல்ட்டும் அவற்றை ஏற்றுக்கொண்டது. .32-20 அதிர்ச்சி குறைந்த சிறு தோட்டா. முயல், வான்கோழி போன்ற சிறு வேட்டைக்கு ஏற்றது. பண்ணை வீட்டுப் பாத்திரங்களுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

1878-க்கு முன்பே ஒரே தோட்டா ஜோடி வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. 1872-ல் கோல்ட் நிறுவனம், ஹென்றி ரைபிளும் வின்செஸ்டர் 1866-ம் பயன்படுத்திய .44 ஹென்றி தோட்டாவுக்கே ஒரு ரிவால்வர் செய்தது. சிலிண்டரின் மேல் இரும்புப் பட்டை இல்லாததால் அதை "ஓப்பன் டாப்" என்பார்கள். ஏறக்குறைய 7,000 மட்டுமே உற்பத்தியானது. பித்தளை நிறத்தில் பளபளக்கும் வின்செஸ்டர் 1866-ம் இந்த ஓப்பன் டாப்பும் சேர்ந்த ஜோடி, கதைகளில் அரிதாகவே வருகிறது. விவரம் தெரிந்த வாசகர் புன்னகைப்பார்.

.44 ஹென்றிக்கும் .44-40-க்கும் இடையே கதைக்கு உதவும் வேறுபாடு ஒன்று உண்டு. .44 ஹென்றி தோட்டாவில் தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்புக்குள் இருக்கும். ஒருமுறை சுட்டால் கூட்டை எறிந்துவிட வேண்டியதுதான். .44-40-ல் அது நடுவில் தனிக் கேப்பாக இருக்கும். காலிக் கூட்டைப் பொறுக்கி, புதுக் கேப், மருந்து, குண்டு போட்டு மீண்டும் பயன்படுத்தலாம். அதற்கான கைக்கருவிகளை வின்செஸ்டரே விற்றது. கடைக்குப் போக மூன்று நாள் பயணம் என்றால், உங்கள் பாத்திரம் சண்டை முடிந்ததும் குனிந்து கூடுகளைப் பொறுக்குவான். அந்த ஒரு செயல் அவன் வாழ்க்கையைச் சொல்லிவிடும்.

படி 3: ஒரே தோட்டா எப்போது தேவை, எப்போது தேவையில்லை

ஒரே தோட்டா எல்லோருக்கும் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. தோட்டாவைத் தானே காசு கொடுத்து வாங்கி, தானே சுமந்து, இருட்டில் தானே தடவி எடுத்துப் போடுகிறவனுக்குத்தான் அது பெரும் வரம். மேலதிகாரி வாங்கிக் கொடுத்தால் கதை வேறு.

அமெரிக்கக் குதிரைப்படையைப் பாருங்கள். 1873 ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைன் (குட்டைக் குழல் ரைபிள்) ஒரு முறைக்கு ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுவது, தோட்டா .45-70 வகை. இடுப்பில் .45 கோல்ட். இரண்டின் பெயரிலும் 45 இருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். ஒன்றின் தோட்டா மற்றதில் நுழையாது. 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்ன் போரில் ஏழாவது குதிரைப்படை வீரனிடம் கார்பைனுக்கு 100, ரிவால்வருக்கு 24 தோட்டாக்கள் இருந்தன. கறுப்பின வீரர்கள் சேவை செய்த ஒன்பதாவது, பத்தாவது குதிரைப்படைகளும் ராணுவம் கொடுத்த இந்த ஜோடியைத்தான் ஏந்தின.

ராணுவம் ரிவால்வர்களுக்குள்ளேயே இரண்டு வகைத் தோட்டாவை அனுமதித்ததால் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஸ்கோஃபீல்ட் என்ற ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வரையும் அது வாங்கியது. அதன் தோட்டா கோல்ட் தோட்டாவை விடக் குட்டை. குட்டைத் தோட்டா கோல்ட்டில் நுழையும். நீளத் தோட்டா ஸ்கோஃபீல்டில் நுழையாது. தவறான பெட்டி ஒரு முகாமுக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கடைசியில் இரண்டுக்கும் பொருந்தும் குட்டைத் தோட்டாவையே ராணுவம் தயாரிக்க வேண்டியிருந்தது. இதில் ஒரு முழுச் சிறுகதைக்கான முடிச்சு இருக்கிறது.

ஒரே தோட்டா ஜோடிக்கு ஒரு விலையும் உண்டு. ரிவால்வருக்கு அளவாக இருக்கும் தோட்டா, ரைபிளுக்குச் சற்று மென்மையானது. .44-40 குண்டு ரைபிளின் நீண்ட குழலில் வினாடிக்கு ஏறக்குறைய 400 மீட்டர் வேகம் எட்டும். ரிவால்வரில் 300-க்கும் கீழே. மான் வேட்டைக்குப் போதும். காட்டெருமைக்கும் கரடிக்கும் போதாது. பெரிய மிருகம் உள்ள கதையென்றால் ஜோடியை உடைத்து, ரைபிளைப் பெரிதாக்குங்கள். பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான தியடோர் ரூஸ்வெல்ட் 1880-களில் டகோட்டாவில் பண்ணை வைத்திருந்தபோது அதைத்தான் செய்தார். அவரிடம் இருந்தது பெரிய தோட்டாவுக்கான வின்செஸ்டர் 1876.

படி 4: யாருடைய கையில்?

மாடு ஓட்டுபவன். மாதச் சம்பளம் 30 முதல் 40 டாலர். டெக்சஸ் ரேஞ்சராக இருந்த ஜேம்ஸ் கில்லெட், 1870-களின் நடுவில் வின்செஸ்டர் 1873 ரைபிள் 50 டாலர், கார்பைன் 40 டாலர் என்று தன் நினைவுக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். ஆக, கார்பைனே ஒரு மாத உழைப்பு. இருபது வயதுப் பையன் புத்தம் புதிய ஜோடியோடு வந்தால் வாசகர் "பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார், அதற்குப் பதில் உங்களிடம் இருக்கட்டும். தேய்ந்த ரிவால்வர் ஒன்று, ரைபிள் இல்லை என்பதே பல பேருக்கு நிஜம்.

சட்டத்தின் ஆள். ஊருக்குள் இவனுக்கு உற்ற துணை இரட்டைக்குழல் ஷாட்கன். ஊரை விட்டுத் துரத்திப் போகும்போதுதான் ஜோடி. நியூ மெக்சிகோவின் ஷெரிஃப் பேட் காரெட் நல்ல உதாரணம். 1880 டிசம்பரில் சட்டம் தேடிய பில்லி த கிட்டின் கூட்டாளி பில்லி வில்சனைப் பிடித்தபோது, அவனிடமிருந்து வின்செஸ்டர் 1873-ம் .44-40 கோல்ட்டும் காரெட்டின் கைக்கு வந்தன. 1881 ஜூலை 14 இரவு ஃபோர்ட் சம்னரில் பில்லி த கிட்டைச் சுட்டது அந்தக் கோல்ட்தான். 2021-ல் அது 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. குற்றவாளியின் ஜோடி சட்டத்தின் கைக்கு மாறி, அவன் தலைவனையே கொன்றது. துப்பாக்கி கைமாறுவதை வைத்து எவ்வளவு கதை சொல்ல முடியும் என்பதற்கு இது போதும்.

எருமை வேட்டைக்காரன். ஷார்ப்ஸ் ரைபிள், கனமானது, ஒரு முறைக்கு ஒரு தோட்டா, பெரும் தூரம். 1874 ஜூனில் டெக்சஸின் அடோபி வால்ஸ் முற்றுகையில் பில்லி டிக்சன் இரவல் ஷார்ப்ஸால் ஏறக்குறைய 1,400 மீட்டர் தூரத்தில் ஒருவரை வீழ்த்தியதாகச் சொல்வார்கள். இவன் தோட்டாவைத் தானே அடைத்துக்கொள்பவன். ஈயக்கட்டியும் மருந்துப் பீப்பாயும் வண்டியில் கிடக்கும். ரிவால்வர் இவனுக்கு எதுவானாலும் சரி. ஜோடிப் பொருத்தம் வேண்டியதில்லை.

பூர்வகுடி வீரர். இவர்கள் கையில் வில்லை மட்டும் வைத்து எழுதுவது பழைய படங்களின் பிழை. 1983-ல் லிட்டில் பிக்ஹார்ன் மைதானத்தில் புல்வெளி தீப்பிடித்து எரிந்தபின் தொல்லியலாளர்கள் அங்கே அகழ்ந்தார்கள். லகோட்டா, செயென் வீரர்கள் பல வகைத் துப்பாக்கிகளால் சுட்டதையும், அவற்றில் ஹென்றி, வின்செஸ்டர் ரைபிள்கள் ஏராளம் என்பதையும் தோட்டாக் கூடுகள் காட்டின. எதிரே நின்ற ராணுவமோ ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தது. வியாபாரம், பரிசு, போரில் கைப்பற்றுதல் எனப் பல வழிகளில் வந்த ஆயுதங்கள் இவை. ஆகவே கலவையாகவே இருக்கட்டும். தோட்டா கிடைப்பதுதான் அவர்களின் பெரும் கவலை. அதை எழுதினால் அந்த மனிதர்களுக்கு நியாயம் செய்தவர்கள் ஆவீர்கள்.

படி 5: நீளமும் சுமையும்

வின்செஸ்டர் 1873-ன் 24 அங்குலக் குழல் ரைபிளில் 15 தோட்டா பிடிக்கும். எடை 4 கிலோவுக்கு அருகே. 20 அங்குலக் கார்பைனில் 12. அது இலகு, குதிரைச் சேணத்தின் உறையில் சட்டென்று போய்வரும். குதிரையில் வாழ்பவனுக்குக் கார்பைன், வீட்டுச் சுவரில் மாட்டுபவனுக்கு ரைபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோல்ட் ரிவால்வரில் 7½ அங்குலக் குழல் குதிரைப்படை அளவு. 4¾ அங்குலம் ஊருக்குள் நடப்பவனுக்கு, உறையிலிருந்து வேகமாக வரும். 50 .44-40 தோட்டாக்கள் ஒரு கிலோவைத் தாண்டும். பட்டை நிறையத் தோட்டா செருகியவன் துள்ளிக் குதிக்க மாட்டான்.

ஊருக்குள் ஆயுதத்துக்குத் தடை இருந்ததையும் மறவாதீர்கள். டாட்ஜ் சிட்டி, டூம்ஸ்டோன் போன்ற ஊர்களில் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுத்தான் உலவ வேண்டும். 1881 அக்டோபர் 26 அன்று டூம்ஸ்டோனில் ஓ.கே. கொரல் மோதல் வெடித்ததே அந்த விதியை நடைமுறைப்படுத்தப் போனபோதுதான். ஜோடி எங்கே, யார் பொறுப்பில் கிடக்கிறது என்பதை ஒவ்வொரு காட்சிக்கும் எழுதி வையுங்கள்.

படி 6: காட்சியில் உயிர் கொடுங்கள்

கருமருந்து சுட்டால் வெள்ளைப் புகை மூட்டமாக எழும். காற்றில்லாத நாளில் மூன்று முறை சுட்டவனுக்கு எதிரே எதுவும் தெரியாது. எதிரிக்கோ அவன் இருக்கும் இடம் பளிச்சென்று தெரியும். ஓவியர்கள் இதைக் கட்டாயம் வரைய வேண்டும். மருந்தின் கரி ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். அதனால் அன்றிரவே வெந்நீர் விட்டுக் கழுவி எண்ணெய் போடுவார்கள். பேச்சு நடக்கும் காட்சிகளுக்கு இது அருமையான கைவேலை.

சிங்கிள் ஆக்‌ஷன் என்றால் ஒவ்வொரு முறை சுடும் முன்பும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். கோல்ட்டில் அப்போது நான்கு "கிளிக்" கேட்கும். ஆறு அறை இருந்தாலும் விவரம் அறிந்தவன் ஐந்துதான் போடுவான். சுத்தியலுக்கு நேரே உள்ள அறை காலி. இல்லையென்றால் கீழே விழுந்தால் தானாகவே வெடிக்கக்கூடும். காலிக் கூடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒவ்வொன்றாகவே நிரப்ப வேண்டும். வின்செஸ்டரில் மட்டும் வலப்பக்கச் சிறு கதவு வழியாக, பாதி தீர்ந்ததுமே இடையிடையே நிரப்பிக்கொள்ளலாம். ரிவால்வர் தீர்ந்ததும் ரைபிளுக்குத் தாவுவது இதனால்தான்.

தவிர்க்க வேண்டிய பிழைகள்

1. .45 வின்செஸ்டர். 19-ஆம் நூற்றாண்டில் வின்செஸ்டர் .45 கோல்ட் தோட்டாவுக்கு ரைபிள் செய்யவே இல்லை. இன்று இத்தாலியில் செய்யும் நகல்கள் அந்தத் தோட்டாவில் வருவதால் பலர் ஏமாறுகிறார்கள்.

2. சினிமாவை ஆதாரமாகக் கொள்வது. 1939-ல் வந்த "ஸ்டேஜ்கோச்" படத்தில் ஜான் வெய்ன் சுழற்றிய ரைபிள் 1892 மாடல். கதையோ 1880-ஐ ஒட்டியது. படப்பிடிப்புக்கு வசதியானதைப் பயன்படுத்தினார்கள். எழுத்தில் அந்தச் சலுகை நமக்குத் தேவையில்லை.

3. பழைய புகைப்படத்தை அப்படியே நகலெடுப்பது. பில்லி த கிட்டின் புகழ்பெற்ற தகரத் தகட்டுப் படத்தில் ரிவால்வர் இடது இடுப்பில் தெரியும். அதை நம்பி அவன் இடக்கையன் என்றே 1958-ல் ஒரு படம் எடுத்தார்கள். ஆனால் அதே படத்தில் வின்செஸ்டரின் தோட்டாக் கதவும் இடப்பக்கம் தெரிகிறது. அந்தக் கதவு வலப்பக்கம்தான் இருக்கும். அப்படியானால் படமே கண்ணாடிப் பிம்பம். ரிவால்வர் இருந்தது வலது இடுப்பில். துப்பாக்கியின் உறுப்புகளை அறிந்தவர் வரலாற்றையே திருத்த முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

4. பழைய துப்பாக்கியில் புதுத் தோட்டா. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .44-40-லேயே அதிவேகத் தோட்டா வந்தது. அது வலுவான 1892 மாடலுக்கு மட்டுமே உரியது. தெரியாமல் எழுதினால் பிழை. தெரிந்து, வயதான ஒருவர் தன் 1873-ல் அதைப் போடுவதாக எழுதினால் அதுவே ஆபத்து நிறைந்த திருப்பம்.

எழுதத் தொடங்கும் முன்

உங்கள் பாத்திரத்துக்காக இந்த ஐந்து கேள்விகளுக்கும் ஒவ்வொரு வரியில் பதில் எழுதுங்கள். எந்த ஆண்டு? தோட்டாவை யார் வாங்கித் தருகிறார்கள்? அருகிலுள்ள கடை எத்தனை நாள் தூரம்? எதைச் சுடப் போகிறான்: மனிதனையா, மானையா, எருமையையா? நடப்பவனா, குதிரையில் வாழ்பவனா?

தானே வாங்குகிறான், கடை தூரம், குதிரையில் வாழ்கிறான், கதை 1878-க்குப் பிந்தியது என்று பதில் வந்தால், தயங்காமல் வின்செஸ்டர் 1873 கார்பைனும் கோல்ட் ஃப்ரன்டியர் ரிவால்வரும் கொடுங்கள். ஆண்டு 1872-ஐ ஒட்டியதென்றால் வின்செஸ்டர் 1866-ம் ஓப்பன் டாப்பும். அரசாங்கம் வாங்கித் தருகிறது என்றால் ஸ்பிரிங்ஃபீல்டும் .45 கோல்ட்டும். பதில்கள் ஒன்றோடொன்று முட்டினால் பயப்பட வேண்டாம். ஏழைப் பையனிடம் விலையுயர்ந்த ரைபிள், ஓடிப்போன ராணுவ வீரனிடம் இனி எங்கும் தோட்டா கிடைக்காத கார்பைன் என்று முட்டும் இடத்தில்தான் கதை இருக்கிறது. அந்த முட்டலை மறைக்காமல், முதல் இரண்டு பக்கங்களுக்குள் வாசகர் கண்ணில் படும்படி வையுங்கள்.